வரி கட்டாத வீட்டுக்கு மார்ச் 31 எதுக்குங்க?

ஒரு வருசம் பங்குனியில என் மகளோட செல்வமகள் சேமிப்புக் கணக்குல பணம் போட மறந்துட்டேன். பெரிய தொகை இல்லீங்க, வருசத்துக்குக் குறைஞ்சபட்சம் போட வேண்டிய 250 ரூபாய்தான். அப்போ தோட்டத்துல மஞ்சள் வெட்டி, வேகவெச்சு, களத்துல காயப் போட்டிருந்தோம். மழை கிழை வந்துருமோன்னு பொழுதுக்கும் வானத்தைப் பார்த்துட்டு இருந்தேன். ஊர்ச்சனம் பண்ணாரியம்மன் குண்டத்துக்குக் கிளம்பிட்டு இருந்தது. கணக்கு நெனப்பு வந்தப்போ சித்திரையே பொறந்துருச்சு.

தபால் ஆபீஸுக்குப் போனேன். "மார்ச் 31ஓட வருசம் முடிஞ்சு போச்சுங்க. விட்டுப்போன 250, அபராதம் 50, ரெண்டையும் சேர்த்துக் கட்டிருங்க, கணக்கு சரியாயிரும்"னாங்க. கட்டிட்டு வந்தேன். தப்பு என்னுதுதான். ஆனா வீட்டுக்கு வந்ததும் எங்க வீட்டம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "நாமதான் வருமான வரியே கட்டறதில்லையே, அப்புறம் அவங்க வருசக் கணக்கு நமக்கெதுக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல எங்க பக்கத்து வருசத்தைச் சொல்லிடறேன். சித்திரை ஒண்ணு பஞ்சாங்கத்துக்கு வருசப் பொறப்பு. நிலத்துக்கு வேற வருசம் இருக்கு. அதுக்குப் பேரு பசலி. ஜூலை 1ல ஆரம்பிச்சு ஜூன் 30ல முடியும். 'ஃபஸ்ல்'னா அரபியில அறுவடைப் பருவம். மொகலாய அரசர் அக்பர் காலத்துல உருவான கணக்கு, சென்னை மாகாணத்துல வெள்ளைக்காரன் காலத்திலயும் நிலவரிக்கு அதுவே நின்னுது. எங்க அப்பாரு காலத்து கிஸ்தி ரசீதுல எல்லாம் பசலிதான் போட்டிருக்கும். இன்னைக்கும் கிராம நிர்வாக அலுவலரோட அடங்கல்ல பசலி எண்தான் இருக்கு. ஜூலையில தொடங்கற ஆங்கில வருசத்துல 590ஐக் கழிச்சா பசலி வந்துரும். 2025 ஜூலையில தொடங்கினது பசலி 1435. தாலூகா ஆபீஸ்ல மே, ஜூன் மாசத்துல ஜமாபந்தி நடக்கறதும் அந்த வருசக் கணக்கை முடிக்கத்தான்.

இதுல ஒரு நியாயம் இருக்குங்க. ஆடி, ஆவணியில வாய்க்கால்ல தண்ணி வருது. தை தொடங்கி பங்குனி வரைக்கும் மஞ்சள் வெட்டு. அப்புறம் வேகவைக்கணும், காய வைக்கணும், பாலீஷ் போடணும், ஈரோட்டு மண்டிக்கு ஏத்தணும், விலை படியணும். கையில காசு நிக்க சித்திரை, வைகாசி ஆகிரும். பசலி அதுக்கப்புறம்தான் முடியுது. அதுக்காக அந்தக் காலம் பொற்காலம்னு சொல்ல வரலைங்க. கிஸ்தி கட்ட முடியாம நிலம் ஏலத்துக்குப் போன குடும்பங்க எத்தனையோ. ஆனா வருசம் முடியற இடமாவது வெள்ளாமையைப் பார்த்து வெச்ச இடம்.

மார்ச் 31 அப்படி வந்ததில்லை. இந்தியாவுல அரசாங்கக் கணக்கு வருசம் முன்னாடி மே 1ல தொடங்கி ஏப்ரல் 30ல முடிஞ்சுது. 1867ல அதை ஏப்ரல் 1ல தொடங்கற மாதிரி மாத்தினாங்க. பிரிட்டன் அரசாங்கத்தோட கணக்கு மார்ச் 31ல முடியும், அதோட ஒத்துப் போகணும், அவ்வளவுதான் காரணம்.

பிரிட்டன்லயே தனியாள் வரி வருசம் இன்னைக்கும் ஏப்ரல் 5ல முடியுது. அங்க ஒரு காலத்துல மேரி மாதா திருநாளான மார்ச் 25தான் வருசப் பொறப்பு, வாடகை, குத்தகை எல்லாம் தீர்க்கற நாளும் அதுதான். 1752ல நாட்காட்டியைத் திருத்தினப்போ 11 நாளைக் கழிச்சுட்டாங்க. செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. கணக்குத் தீர்க்கறவங்க அந்த 11 நாளை விட்டுக் கொடுக்கலை. 25ஓட 11ஐக் கூட்டினா ஏப்ரல் 5. லண்டன்ல இருக்கற நம்ம புள்ளைக வரியில்லாச் சேமிப்புக் கணக்குல அந்த வருசப் பணத்தைப் போட ஓடற கடைசி நாளும் அதே ஏப்ரல் 5தான்.

சரி, வரிக்கு வருவோம். 1857 கலகத்தை அடக்கின செலவுல கஜானா காலியாகி, 1860ல ஜேம்ஸ் வில்சன் இங்க வருமான வரியைக் கொண்டு வந்தார். 1886 சட்டத்துல விவசாய வருமானத்துக்கு விலக்குக் கொடுத்தாங்க. நிலத்துக்குத்தான் ஏற்கெனவே கிஸ்தி கட்டறானேன்னு வாதம். மத்திய அரசோட வருமான வரியில அந்த விலக்கு இன்னைக்கு வரைக்கும் தொடருது. இதுக்கு நடுவுல 1882 ஏப்ரல் 1ல தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கி தொடங்கிருச்சு. ஆக, சேமிப்புப் புத்தகமும் அதே ஏப்ரல் கணக்குல பொறந்ததுதான்.

சேமிச்சா வரியில சலுகைங்கறது பழைய ஏற்பாடு. முதல்ல ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்குக் கொடுத்தாங்க. 1968ல பொது வருங்கால வைப்பு நிதி வந்துது. மாசச் சம்பளமும் பி.எஃப்.பும் இல்லாதவங்களும் 15 வருசம் சேர்த்து வைக்கலாம். 2005-06ல 80சி பிரிவு வந்து எல்லாத்தையும் ஒரு லட்சத்துக்குள்ள அடக்குச்சு. 2014ல அது ஒன்றரை லட்சமாச்சு. மார்ச் கடைசி வாரத்துல வங்கியிலயும் தபால் ஆபீஸ்லயும் நீங்க வரிசையில நின்னது இதுக்காகத்தான்.

இன்னொரு சங்கதி. வருமான வரிக்கே எல்லாருக்கும் மார்ச் 31ங்கறது 1989ல இருந்துதான். அதுக்கு முன்னாடி தீபாவளிக்குக் கணக்கு முடிக்கற வியாபாரி அப்படியே முடிச்சுக் காட்டலாம். அரசாங்கமும் தேதியை மாத்தலாமான்னு யோசிச்சுப் பார்த்திருக்கு. 1984ல எல்.கே. ஜா தலைமையில குழு போட்டாங்க. பருவமழையை முக்கியமா வெச்சுப் பார்த்துட்டு, ஜனவரியில வருசத்தைத் தொடங்கலாம்னு அவங்க சொன்னாங்க. அரசாங்கம் ஏத்துக்கலை.

எங்க வீட்டுக்குள்ள மார்ச் 31 வந்தது 2015 ஜனவரியில தொடங்கின செல்வமகள் திட்டத்தோட. பத்து வயசுக்குள்ள இருக்கற பொண்ணு பேர்ல கணக்கு. 15 வருசம் பணம் போடணும், 21 வருசத்துல முதிர்வு. மேல்வரம்பு 80சிக்குப் பொருத்தமா ஒன்றரை லட்சம். கீழ்வரம்பு முதல்ல 1000 ரூபாய், 2018ல 250 ஆக்கினாங்க. மேல்வரம்பைப் பார்த்தா வரி கட்டறவங்களுக்கான திட்டம். கீழ்வரம்பைப் பார்த்தா மஞ்சள் வெட்ட வர்ற அம்மிணிக்கான திட்டம். தேதி மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு.

இப்ப நடக்கறதைப் பாருங்க. புது வரிமுறையில 80சி சலுகை கிடையாது. 2023-24ல இருந்து, வேண்டாம்னு சொன்னாலொழிய, எல்லாருக்கும் புது முறைதான். அதுக்கு மாறினவங்களுக்கு மார்ச் மாச ஓட்டம் தேவையில்லாமப் போச்சு. குறைஞ்சபட்சத் தொகைக்கான கெடுவும் 50 ரூபாய் அபராதமும் மட்டும் அப்படியே நிக்குது. வரி கட்டறவங்களுக்காக வெச்ச தேதி, கடைசியில வரி கட்டாதவங்க தலையில வந்து உக்காந்திருக்கு. எங்க வீட்டம்மா கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைச்ச பதில் இதுதான்.

மாத்த முடியாத தேதியான்னா, இல்லீங்க. 2020 மார்ச் ஊரடங்குல மஞ்சளை மண்டிக்குக் கொண்டு போக முடியாம வீட்லயே அடுக்கி வெச்சிருந்தோம். அந்த வருசம் இந்தச் சேமிப்புக் கணக்குகளுக்கு ஜூன் 30 வரைக்கும் தவணை கொடுத்தாங்க, பின்னாடி ஜூலை 31 வரைக்கும் நீட்டினாங்க. ஆடிப் பதினெட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் போன வருசம் காத்துட்டு இருந்துது. நோய்க்காக ஒரு தடவை நகர்ந்த தேதி, 250 ரூபாய் கட்டறவங்களுக்காவது வெள்ளாமைக்காக ஜூன் 30 வரைக்கும் நகரக் கூடாதா?

அது நடக்கற வரைக்கும் நான் கண்டுக்கிட்ட வழி ஒண்ணு இருக்கு. இந்தக் கணக்குகள்ல மாசம் 5ஆம் தேதிக்கு மேல மாசக் கடைசி வரைக்கும் இருக்கற குறைஞ்ச இருப்புக்குத்தான் அந்த மாச வட்டி. மார்ச் 31ல முட்டி மோதிப் போடற பணத்துக்கு முடியற வருசத்துல வட்டி கிடையாது. ஏப்ரல் 5க்குள்ள போட்டா புது வருசம் முழுக்க 12 மாச வட்டி, அந்த வருசக் கெடுவும் அன்னைக்கே தீர்ந்துது. ரெண்டு தேதிக்கும் நடுவுல அஞ்சு நாள்தான், ரெண்டுமே பங்குனிதான். மஞ்சள் விக்கலைன்னா 250ஐ மட்டுமாவது போட்டுட்டு, மிச்சத்தை மண்டிக் காசு வந்ததும் போடறேன்.

எங்க தோட்டத்துல மஞ்சள் வெட்ட வர்ற ஒரு அம்மிணியும் ரெண்டு பொண்ணுகளுக்குக் கணக்கு வெச்சிருக்காங்க. இப்பல்லாம் பங்குனி பொறந்ததும் முதல் வாரக் கூலியோட, "பொண்ணுக கணக்குக்குப் போட்டாச்சா?"ன்னு கேட்டுருவேன். "நாங்க போட்டாச்சுங்க, நீங்க போட்டீங்களா?"ன்னு சிரிப்பாங்க. நான் அபராதம் கட்டின கதை அவங்களுக்கும் தெரியும்.