யார் செய்த பாவம்?

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. முதல் அத்தியாயத்தில் அக்கிரமம் செய்தவனைக் கடைசி அத்தியாயத்தில் தண்டித்துவிடலாம். வாசகர்களும் திருப்தியோடு புத்தகத்தை மூடி வைப்பார்கள். இந்த உலகத்தை நடத்துகிறவனோ அந்த முறையை அனுசரிப்பதாகத் தெரியவில்லை. நல்லவன் வீட்டுக் கூரை இடிந்து விழுகிறது. பொல்லாதவன் மொட்டை மாடியில் உட்கார்ந்து காற்று வாங்குகிறான். "கருணைக் கடல் என்கிறோமே, அவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறானா?" என்று ஒரு நாளாவது கேட்காத மனிதர் அபூர்வம்.

இந்தக் கேள்வியை ஒட்டி நம் தேசத்தின் இரண்டு பெரியவர்கள் 1934-ஆம் ஆண்டில் வாதாடினார்கள். ஒருவர் மகாத்மா காந்தி. மற்றவர் மகாகவி தாகூர். அந்த விவாதத்துக்கு வித்து விழுந்த இடம், வேறெங்கும் அல்ல, நம்முடைய திருநெல்வேலி.

அந்த ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி, பிற்பகல் 2 மணி கழிந்து சில நிமிஷங்கள் ஆகியிருந்தன. நேபாளத்தின் கிழக்குப் பகுதியில், இமயத்தின் அடிவயிற்றில் பூமி அசைந்தது. வட பீகாரில் மொங்கீர், முஜப்பர்பூர் முதலிய பட்டணங்களின் கடைத்தெருக்கள் செங்கற் குவியல்களாயின. வயல்கள் வெடித்து, உள்ளேயிருந்து நீரும் மணலும் பீறிட்டன. விளைநிலம் மணல்வெளி ஆயிற்று. கிணறுகள் தூர்ந்து போயின. காட்மாண்டுவில் தரஹரா கோபுரம் சரிந்தது. தொலைவில் இருந்த கல்கத்தாவில்கூட ஒரு பெரிய தேவாலயத்தின் கோபுரம் விழுந்தது. பீகாரில் 7,000 பேருக்கு மேலும், நேபாளத்தில் 8,000 பேருக்கு மேலும் மாண்டார்கள்.

அப்போது காந்திஜி, தீண்டாமையை ஒழிக்க 1933 நவம்பரில் தொடங்கிய ஹரிஜன யாத்திரையில் தென்னாட்டில் இருந்தார். ஜனவரி 24-ஆம் தேதி திருநெல்வேலிக் கூட்டத்தில் பீகார் மக்களின் துயரத்தை எடுத்துச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. ஹரிஜனங்களுக்கு நாம் இழைத்த பாவத்துக்கு ஆண்டவன் அளித்த தண்டனையே இந்தப் பூகம்பம் என்று தாம் நம்புவதாகவும் சொன்னார்.

சாந்திநிகேதனத்தில் இருந்த தாகூர் திடுக்கிட்டார். தீண்டாமையை வெறுப்பதில் அவர் காந்திஜிக்குச் சளைத்தவர் அல்ல. 1932-இல் எரவாடாச் சிறையில் காந்திஜி உண்ணாவிரதத்தை முடித்தபோது, முதுமையையும் பொருட்படுத்தாமல் அங்கே போய்ப் பக்கத்தில் அமர்ந்து பாடியவர். ஆயினும் நண்பர் சொல்லிவிட்டார் என்பதற்காக வாய்மூடி இருக்க அவரால் முடியவில்லை. இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு. நம் பாவம் எத்தனை பெரிதானாலும் சிருஷ்டியின் அஸ்திவாரத்தை அசைக்கும் வலிமை அதற்குக் கிடையாது. தான் வகுத்த விதியில் கடவுளே குறுக்கிடுவதில்லை என்று எழுதினார். கூர்மையான இன்னொரு வாதமும் அதில் இருந்தது. இதே நியாயத்தை எதிர்க் கட்சியாரும் எடுத்துக்கொள்ளலாமே! கோயில் கதவுகளைத் திறக்கச் சொன்ன காந்தியால்தான் பூமி பிளந்தது என்று சனாதனிகள் சொன்னால் என்ன பதில்?

சொல்லவும் சொன்னார்கள். சொன்னதோடு விட்டார்களா? ஏப்ரல் மாதம், அப்போது பீகாரைச் சேர்ந்திருந்த தேவ்கரில் காந்திஜியின் மோட்டார் வண்டியைத் தாக்கவும் செய்தார்கள்.

காந்திஜியின் பெருந்தன்மையையும் இங்கே குறிப்பிட வேண்டும். தம்மை மறுத்துத் தாகூர் எழுதியதைத் தமது 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே பிப்ரவரி 16-ஆம் தேதி வெளியிட்டார். கூடவே தம் பதிலையும் வெளியிட்டார். ஜடப் பொருளும் ஆன்மாவும் தொடர்பற்றவை அல்ல என்பது தம் நம்பிக்கை. ஆனால் அதை நிரூபிக்கத் தம்மால் இயலாது என்று ஒப்புக்கொண்டார். மற்ற மாகாணங்களை விட்டுப் பீகாரை ஏன் தண்டிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, கடவுளின் நோக்கம் முழுவதையும் அறியத் தாம் கடவுள் அல்ல என்றார்.

இருவரில் யார் சொன்னது சரி? என் மனம் தாகூரின் பக்கமே சாய்கிறது. தீண்டாமைக்குத் தண்டனை என்றால், தீண்டாதவர்களை அல்லவா அது தேடிப் பிடித்திருக்க வேண்டும்? மாண்ட 7,000 பேரில் தீண்டாமையால் நொந்தவர்கள் இல்லாமலா போயிருப்பார்கள்? குற்றவாளியையும் குற்றத்துக்கு ஆளானவனையும் ஒரே சுவரின் கீழ் நசுக்குவதை எந்த நீதிஸ்தலமும் தீர்ப்பு என்று ஒப்புக்கொள்ளாது. காந்திஜியாவது "நம் பாவம்" என்று தம்மையும் சேர்த்துச் சொன்னார். அவருடைய பகைவர்கள் "உன் பாவம்" என்றார்கள். பாவக் கணக்கு எழுதும் பேனா யார் கைக்குப் போனாலும், முதலில் எழுதப்படுவது வேண்டாதவன் பெயர்தான்.

ஆனால் தாகூரின் பதிலிலும் முழு ஆறுதல் கிடையாது. பூமிக்கு அதன் விதி, சரி. குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் போய், "அம்மா, இது இயற்கை விதி" என்றால் அவள் அழுகை நிற்குமா? அன்பே உருவானவன் இப்படி ஒரு விதியை ஏன் வகுத்தான் என்று அவள் கேட்டால், கவியும் மகாத்மாவும் சேர்ந்து யோசித்தாலும் விடை வராது.

விடை வராத இடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கிறேன். சிறைவாசத்தில் நோயாளியாக இருந்த பாபு ராஜேந்திர பிரசாத், பூகம்பம் நடந்த 2 நாளில் விடுதலையாகி நிவாரண வேலையில் இறங்கினார். நேரு மொங்கீரில் தாமே மண்வெட்டி எடுத்து இடிபாடுகளைத் தோண்டினார். காந்திஜியின் விளக்கம் அவருக்கும் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்தக் காந்திஜியே மார்ச் மாதம் பீகாருக்குப் போய்ப் பாழடைந்த ஊர்களைச் சுற்றினார். விளக்கத்தில் வேறுபட்டவர்கள் வேலையில் ஒன்றுபட்டார்கள். கீழே கிடப்பவன் என்ன பாவம் செய்தான் என்று மண்ணைத் தோண்டுகிறவன் கேட்பதில்லை.

பூமியின் பாறைத் தட்டுகளைப் பற்றி இன்று நமக்கு நன்றாகத் தெரியும். இந்திய நிலப்பரப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விரற்கடை அளவு இமயத்தின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. அந்த நெரிசல் தாங்காதபோது நிலம் நடுங்குகிறது. 1934-இல் விழுந்து மறுபடி எழுப்பப்பட்ட தரஹரா கோபுரம் 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி இன்னொரு பூகம்பத்தில் மீண்டும் விழுந்தது. அன்றைக்கும் யாராவது ஒருவர் "யார் செய்த பாவமோ!" என்று பெருமூச்சு விட்டிருப்பார். அவர் பக்கத்திலேயே இன்னொருவர், பேசாமல், செங்கற்களை ஒவ்வொன்றாக அகற்றிக்கொண்டிருந்திருப்பார். அன்பான கடவுள் ஒருவர் இருந்தால், அந்த இரண்டாமவரின் கைகளில்தான் அவரைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.