கன்ஸ்யூமர் கைடு

கன்ஸ்யூமர் கைடு என்பது அமெரிக்க இசை விமர்சகர் ராபர்ட் கிறிஸ்காவ் எழுதிய ஆல்பம் விமர்சனப் பத்தி. 1969 ஜூலையில் நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ வார இதழில் தொடங்கியது. ஆல்பத்துக்கு ஒரு சிறு குறிப்பு; கூடவே விடைத்தாளில் ஆசிரியர் போடுவது போன்ற எழுத்துத் தரம். உச்சியில் ஏ பிளஸ், அடிமட்டத்தில் ஈ மைனஸ். ராக், சோல், பங்க், ராப், ஆப்பிரிக்க நடன இசை எனப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆல்பங்கள் இப்படித் தரம் பெற்றன. அத்தனையும் ஒரே ஆள் கேட்டு எழுதியவை. அதனால் இது அமெரிக்க வெகுஜன இசையின் பதிவேடாக இருப்பதைவிட, ஒரு ரசிகரின் காதின் பதிவேடாகவே அதிகம் பயன்படுகிறது.

கிறிஸ்காவ் 1942இல் நியூயார்க்கில் தீயணைப்பு வீரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்றார்; 1967இல் ‘எஸ்குயர்’ இதழில் இசை பற்றி எழுதத் தொடங்கினார். ராக் விமர்சனம் என்ற தொழிலே அப்போது கைக்குழந்தை. ராக் இதழ்களான ‘கிராடாடி’ 1966இலும் ‘ரோலிங் ஸ்டோன்’ 1967இலும்தான் வெளிவரத் தொடங்கியிருந்தன. எதிர்க்கலாச்சார இளைஞர்களுக்கு வாங்குவதும் விற்பதும் பாவம், மதிப்பெண் போடுவது அதைவிடப் பாவம். அவர்களைச் சீண்டுவதற்காகவே, சந்தைச் சரக்கைச் சோதித்துச் சொல்லும் நுகர்வோர் ஏடுகளின் பாணியில் தலைப்பும் வைத்து மதிப்பெண்ணும் போட்டார் கிறிஸ்காவ். சீண்டல் பலித்தது. ஓராண்டு உழைப்புக்கு எவனோ ஒருவன் பி பிளஸ் போடுவதா என்று பாடகர் லூ ரீட் மேடையிலேயே திட்டித் தீர்த்தார். அந்த வசவு 1978இல் அவருடைய நேரலை ஆல்பத்திலும் இடம்பெற்றது. பெயரைச் சரியாக உச்சரித்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, அந்த ஆல்பத்துக்கு சி பிளஸ் போட்டார் கிறிஸ்காவ்.

மெட்டலும் அவர் காதும்

சுருக்கமான பாட்டு, துள்ளும் தாளம், வரிகளில் குறும்பு: இவை இருந்தால் அவர் மயங்குவார். நியூயார்க் டால்ஸின் முதல் ஆல்பம் (1973), கிளாஷ் குழுவின் ‘லண்டன் காலிங்’ இரண்டுக்கும் ஏ பிளஸ் கிடைத்தது இதனால்தான். இதே அளவுகோலை வைத்து ஹெவி மெட்டலை அளந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. பர்மிங்காம் நகரத்து பிளாக் சப்பாத்தின் ‘பாரனாய்ட்’ (1970) பெற்றது சி மைனஸ். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸும் அதே ஆண்டு அக்குழுவின் முதல் ஆல்பத்தைக் கிழித்துத் தொங்கவிட்டவர்தான், ஆனால் 1972இல் ‘கிரீம்’ இதழில் அவர்களை ஊன்றிக் கேட்டு நீண்ட கட்டுரை எழுதி மனம் மாறினார். கிறிஸ்காவ் அப்படி மாறவில்லை. மெட்டாலிக்காவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ (1986) அவரிடம் வாங்கியது பி மைனஸ். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் முதன்முதலாகச் சேர்த்த மெட்டல் ஆல்பம் அதுவே.

மெட்டலின் கனமும் நீளமும் இறுக்கமும் அதன் ரசிகர்களுக்குப் பேரின்பம். அவருக்கு வெறும் முகவிறைப்பு. மோட்டார்ஹெட் குழு ஒரு விதிவிலக்கு. வேகம், சின்னப் பாட்டு, சிரிப்பு மூன்றும் அவர்களிடம் இருந்தன. மெட்டல் ஆல்பம் தேடுகிறவர் இவர் தரத்தை நம்பிக் கடைக்குப் போகாமலிருப்பதே நல்லது.

ராப்

ராப் கதை நேர்மாறானது. பல ராக் விமர்சகர்கள் அதை நாலுநாள் கூத்து என்று ஒதுக்கிய காலத்திலேயே அவர் அதை ஊன்றிக் கேட்டார். பேச்சு, தாளம், கிண்டல், தெருவின் கோபம் எல்லாம் அவர் காது தேடிய பொருள்கள். பப்ளிக் எனிமியின் ‘இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்’ (1988) ஏ பிளஸ் பெற்றது. ‘வில்லேஜ் வாய்ஸ்’ விமர்சகர்களிடம் நடத்திய ‘பாஸ் அண்ட் ஜாப்’ ஆண்டு வாக்கெடுப்பிலும் அவ்வாண்டு அதுவே முதலிடம். 1971இல் தொடங்கி, 1974 முதல் ஆண்டுதோறும் நடந்த வாக்கெடுப்பு அது. ஒவ்வொருவருக்கும் 100 புள்ளிகள். பத்து ஆல்பங்களுக்குப் பிரித்துத் தர வேண்டியிருந்தது, ஒன்றுக்குக் குறைந்தது 5, அதிகபட்சம் 30.

ராப் என்றாலே தாராளம் காட்டினார் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க மேற்குக் கடற்கரை ராப்பின் மைல்கல்லாகக் கொண்டாடப்படும் டாக்டர் டிரேயின் ‘தி கிரானிக்’ (1992) சி பிளஸோடு நின்றது. அதன் வன்முறைப் பேச்சும் சொகுசான இசையும் அவருக்கு ஒவ்வவில்லை. கன்யே வெஸ்டின் ‘லேட் ரெஜிஸ்ட்ரேஷன்’ (2005) ஏ பிளஸ்.

அதே 2005இல் அவர் உற்சாகமாக வரவேற்ற இன்னொரு ஆல்பம், லண்டனைச் சேர்ந்த ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசத்தின் ‘அருளர்’. ஈரோஸ் என்ற ஈழப் போராளி இயக்கத்தில் அவருடைய தந்தை கொண்டிருந்த பெயர் அது. அடுத்து வந்த ‘கலா’ (2007) தாயின் பெயர். இரண்டுமே கிறிஸ்காவிடம் உயர்ந்த தரம் பெற்றன. முதல் ஆல்பத்தில் விடுதலைப் புலிகளை நினைவூட்டும் புலி உருவங்களைக் கண்டு அமெரிக்கப் பத்திரிகைகள் முணுமுணுத்தபோது, அந்த அரசியலைப் பற்றியே தனிக்கட்டுரை எழுதினார். பாட்டை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்திருந்தால் அவருக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

முறை மாற்றங்கள்

வெளியாகும் ஆல்பங்கள் பெருகவே, 1990இல் அவர் ஏற்பாட்டை மாற்றினார். நல்லவற்றுக்கே முழுக் குறிப்பு. அடுத்த நிலைக்கு ஓரிரு வரியும் நட்சத்திரமும். ஆல்பம் தேறாமல் ஓரிரு பாட்டு மட்டும் தேறினால் கத்தரிக்கோல் குறி. எதுவும் தேறாவிட்டால் வெடிகுண்டுப் படம். மட்டமானவற்றை மொத்தமாக வறுத்தெடுக்க, வான்கோழி விருந்துக்குப் பெயர்போன நன்றி நவிலல் பண்டிகையையொட்டி ஆண்டுக்கொரு பத்தி.

2006 ஆகஸ்டில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ அவரை வேலையிலிருந்து நீக்கியது. பத்தி எம்.எஸ்.என்., நாய்ஸி முதலிய இணையதளங்களுக்கு இடம் மாறி, 2019 முதல் சந்தாதாரர்களுக்கு மின்மடலாகப் போகத் தொடங்கியது. எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகளுக்கான தொகுப்பு நூல்கள் 1981, 1990, 2000 ஆண்டுகளில் வந்தன. நூலாக்கும்போது பழைய ஆல்பங்களை மறுபடி கேட்டுப் பல தரங்களைத் திருத்தியிருக்கிறார். எனவே மேற்கோள் காட்டுபவர் இதழில் வந்த தரமா, நூலில் உள்ள தரமா என்று குறிப்பிட வேண்டும்.