அரச மேலாதிக்கச் சட்டம், 1534

அரச மேலாதிக்கச் சட்டம் என்பது இங்கிலாந்து நாடாளுமன்றம் 1534 நவம்பரில் நிறைவேற்றிய சட்டம் ஆகும். இவ்வுலகில் இங்கிலாந்துத் திருச்சபையின் உச்சத் தலைவர் மன்னரே என இது அறிவித்தது. இதனால் அந்நாட்டில் திருத்தந்தைக்கு இருந்துவந்த அதிகாரம் முற்றாக மறுக்கப்பட்டது.

பின்னணி

எட்டாம் ஹென்றி தொடக்கத்தில் உரோமையின் உறுதியான ஆதரவாளராக இருந்தார். மார்ட்டின் லூதரை மறுத்து அவர் எழுதிய நூலுக்காக, 1521 இல் திருத்தந்தை பத்தாம் லியோ அவருக்கு "விசுவாசத்தின் காவலர்" என்னும் பட்டத்தை அளித்தார். (இப்பட்டத்தின் சுருக்கம் பிரித்தானிய நாணயங்களில் இன்றும் காணப்படுகிறது.)

ஹென்றி தம் அண்ணன் ஆர்தரின் கைம்பெண்ணான அரகானின் கத்தரீனை 1509 இல் மணந்தார். இவர்களுக்குப் பிறந்த குழந்தைகளில் மேரி மட்டுமே பிழைத்தார். ஆண் வாரிசு வேண்டியும், ஆன் பொலினை மணக்க விரும்பியும், இத்திருமணம் செல்லாது என அறிவிக்குமாறு திருத்தந்தை ஏழாம் கிளமெண்டை மன்னர் கேட்டுக்கொண்டார். ஆனால் 1527 இல் பேரரசர் ஐந்தாம் சார்லசின் படைகள் உரோமையைச் சூறையாடியிருந்தன. சார்லசு கத்தரீனின் சகோதரியின் மகன் என்பதால், அவரைப் பகைத்துக்கொள்ளத் திருத்தந்தை துணியவில்லை.

1533 இல் உரோமைக்கு மேல்முறையீடு செய்வதை நாடாளுமன்றம் தடை செய்தது. அவ்வாண்டு மே மாதத்தில் காண்டர்பரிப் பேராயர் தாமஸ் கிரான்மர் அத்திருமணம் செல்லாது எனத் தீர்ப்பளித்தார்.

சட்டத்தின் தன்மை

இச்சட்டம் மன்னருக்குத் தலைமையை வழங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர் ஏற்கனவே தலைவராக உள்ளார் என்று கூறி, அதை உறுதிப்படுத்த மட்டுமே செய்தது. நாடாளுமன்றம் வழங்கிய ஒன்றை நாடாளுமன்றமே திரும்பப் பெறவும் கூடும் அல்லவா? சமயக் கொள்கைப் பிழைகளை விசாரித்துத் திருத்தும் அதிகாரமும் மன்னருக்கு உரியதாயிற்று.

விளைவுகள்

அதே ஆண்டில் இயற்றப்பட்ட அரச துரோகச் சட்டத்தின்படி, மன்னரின் இப்பட்டத்தைச் சொல்லால் மறுப்பதும் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ரோச்சஸ்டர் ஆயர் ஜான் பிஷரும், 1532 இல் சான்சலர் பதவியிலிருந்து விலகியிருந்த தாமஸ் மோரும் 1535 இல் தலை துண்டிக்கப்பட்டனர். மோர் தம் கருத்தை வெளியிடாமல் மௌனம் காத்துவந்தார். எனினும், சிறையில் அவர் தம்மிடம் பேசியதாக ரிச்சர்ட் ரிச் அளித்த சாட்சியம் அவருக்கு எதிராக அமைந்தது. 1536 முதல் 1540 வரை ஏறத்தாழ 800 துறவு மடங்கள் மூடப்பட்டு, அவற்றின் நிலங்கள் அரசுடைமையாயின.

ஆனால் வழிபாட்டிலும் கோட்பாட்டிலும் ஹென்றி பெரும்பாலும் கத்தோலிக்கராகவே இருந்தார். குருக்கள் மணம் புரியலாகாது என்பதை 1539 ஆம் ஆண்டின் ஆறு விதிகள் சட்டம் மீண்டும் வலியுறுத்தியது. 1540 ஜூலை 30 அன்று இலண்டனின் ஸ்மித்ஃபீல்டில், சமயப் பிழைக்காக மூன்று சீர்திருத்தவாதிகள் எரிக்கப்பட்டனர். மன்னரின் தலைமையை ஏற்காத மூன்று கத்தோலிக்கர் அதே நாளில், அதே இடத்தில் துரோகிகளாகக் கொல்லப்பட்டனர்.

மேரியின் ஆட்சியில் (1553-1558) இச்சட்டம் நீக்கப்பட்டது. முதலாம் எலிசபெத் 1559 இல் புதிய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் "உச்சத் தலைவர்" என்பதற்குப் பதிலாக "உச்ச ஆளுநர்" என்னும் சொல் இடம்பெற்றது. பிரித்தானிய முடியாட்சியர் இன்றும் அப்பெயரையே தாங்குகின்றனர்.