கி. மு. 221: ஓராண்டின் உலகம்

வரலாற்று நூல்களிலே ஆண்டுகள் வெறும் எண்களாக நிற்கின்றன. கி. மு. 221 என்பதும் அத்தகையதோர் எண்ணே. ஆயினும், அவ்வாண்டிலே வாழ்ந்தவர் எவரும் அதனை அவ்வெண்ணால் அறிந்திலர். சீன நிலத்தின் மேற்கிலிருந்த சின் நாட்டார் அதனைத் தம் மன்னனின் 26ஆம் ஆட்சியாண்டு என்றனர். பாபிலோனில் களிமண் பலகைகளிற் கணக்கெழுதியோர், செலூக்கஸ் மன்னன் பெயரால் வழங்கிய சகாப்தத்தின் 91ஆம் ஆண்டென்று பொறித்தனர். கிரேக்கர் ஒலிம்பிய விழாக்களை வைத்து எண்ணினர். உரோமரோ, ஆண்டுதோறும் தாம் தெரிந்தெடுத்த கொன்சல்கள் இருவரின் பெயரையே ஆண்டுக்குப் பெயராக வழங்கினர்.

ஒவ்வொரு நாட்டின் கதையையும் தனித்தனியே மேலிருந்து கீழாகப் படிப்பது வழக்கம். ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, நாடு விட்டு நாடாகக் குறுக்கே படிப்பது வேறொரு முறை. அவ்வாறு படிக்கும்போது, தனிக்கதைகளில் தோன்றாத ஒரு வினா தோன்றுகிறது. ஓர் ஆட்சி எதனால் நிலைக்கின்றது? ஆள்பவனின் ஆற்றலாலா, அன்றி அவனுக்குப் பின்னும் நிற்கக்கூடிய ஓர் ஒழுங்கினாலா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு கி. மு. 221ஐப் போல் உதவும் ஆண்டுகள் சிலவே.

முதலிற் கீழ்த்திசையை நோக்குவோம். சீன நாடு அதற்கு முன் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பல அரசுகளாகப் பிரிந்து ஓயாது போரிட்டு வந்தது. அவற்றுள் சின் அரசு ஏனையவற்றை ஒவ்வொன்றாக விழுங்கியது. கி. மு. 230இல் ஹான், 228இல் சாவோ, 225இல் வெய், 223இல் சூ, 222இல் யென் ஆகியன வீழ்ந்தன. கடைசியாக எஞ்சிய சீ நாட்டின் மன்னன் 221இல் அடிபணிந்தான். சின் மன்னனாகிய யிங் செங்குக்கு அப்பொழுது வயது 38. மன்னன் என்னும் பழைய பெயர் தன் வெற்றிக்குச் சிறிதெனக் கருதிய அவன், ஷி ஹுவாங்தி, அதாவது முதற் பேரரசன், என்னும் புதிய பட்டத்தைச் சூடினான். தனக்குப் பின் வருவோர் இரண்டாமவர், மூன்றாமவர் எனப் பதினாயிரம் தலைமுறை வரை எண்ணப்படுதல் வேண்டும் என்பது அவன் ஆணை.

வென்ற நிலத்தை எவ்வாறு ஆள்வது என்பதில் அரசவையிலே கருத்து வேறுபாடு எழுந்தது. தொலைவிலுள்ள நாடுகளுக்கு அரசகுமாரரைச் சிற்றரசராக அனுப்புதல் வேண்டும் என்றனர் சிலர். லி ஸு என்னும் அமைச்சன் அதனை மறுத்தான். உறவினருக்குப் பகிர்ந்தளித்த நிலமே முன்னைய போர்களுக்கெல்லாம் வித்து என்பது அவன் வாதம். பேரரசன் அவன் பக்கமே சாய்ந்தான். நாடு 36 மாவட்டங்களாக வகுக்கப்பட்டு, அரசன் நியமித்த அலுவலரின் கீழ் வைக்கப்பட்டது. படைக்கலங்கள் தலைநகருக்குத் திரட்டப்பட்டு உருக்கப்பட்டன; அவ்வுலோகத்தால் 12 பேருருவச் சிலைகள் வார்க்கப்பட்டன. செல்வர் குடும்பங்கள் 1,20,000 தலைநகருக்குக் குடிபெயர்க்கப்பட்டன. எழுத்து, நிறை, அளவை, வண்டியச்சின் அகலம் ஆகியன நாடெங்கும் ஒரே வகையாக்கப்பட்டன. எடைக்கற்களிலும் முகத்தலளவைகளிலும் அவ்வாண்டின் ஆணையே பொறிக்கப்பட்டது. அவற்றுட் பல இன்றும் கிடைத்துள்ளன.

சீனத்திலிருந்து மேற்கே செல்லுமுன், இடையிலுள்ள தென்னாசியாவையும் ஒரு கணம் காண்போம். மௌரியப் பேரரசன் அசோகன் மறைந்து ஏறத்தாழப் பத்தாண்டுகளே கடந்திருந்தன. அவனுடைய பேரரசு, பின்வந்தோர் கையில் சுருங்கத் தொடங்கியிருந்தது. இலங்கையிலோ, மகாவம்சத்தின் மரபுவழிக் காலக்கணக்கின்படி, சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவர் அநுராதபுரத்திலிருந்து ஆண்டுகொண்டிருந்தனர். ஆராய்ச்சியாளர் பலர் அவர்தம் காலத்தை ஏறத்தாழ 60 ஆண்டுகள் பின்தள்ளுவர். குதிரை வாணிகன் ஒருவனின் மக்களாகிய அவ்விருவரும் 22 ஆண்டுகள் நீதி தவறாது ஆண்டனர் என்று, அவர்களை அயலவராகக் கருதிய அந்நூலே கூறுகின்றது.

இனி மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளுக்கு வருவோம். அங்கே அவ்வாண்டின் சிறப்பு, முதியோர் மறைந்து இளையோர் எழுந்ததாகும். ஸ்பெயினில் கார்தேஜ் அரசின் படைத்தலைவனாக இருந்த ஹஸ்துருபால் ஒரு கெல்த்தியனின் கையால் மாண்டான். படைவீரர் உடனே ஹனிபாலைத் தலைவனாக ஆர்ப்பரித்து ஏற்றனர். அவனுக்கு வயது 26. மசிடோனியாவில் அந்திகோனஸ் தோசன், தன் நாட்டுட் புகுந்த இல்லீரியரை வென்றானாயினும், போர்க்களத்திற் குருதி கக்கி நோயுற்றுச் சிறிது காலத்தில் இறந்தான். அவன் காத்து வளர்த்த ஐந்தாம் பிலிப் 17 வயதில் அரியணை ஏறினான். எகிப்திலே மூன்றாம் தொலமிக்குப் பின் அவன் மகன் நான்காம் தொலமி அரசனானான். இருபது வயதைச் சற்றே கடந்திருந்த அவனுடைய ஆட்சியின் தொடக்கத்திலேயே அவன் தாயும் உடன்பிறந்தானும் சிற்றப்பனும் கொல்லப்பட்டனர். சோசிபியஸ் என்னும் அமைச்சனே உண்மையில் நாட்டை நடத்தினான்.

சிரியாவிலிருந்து ஈரான் வரை பரந்த செலூக்கிய அரசை ஆண்ட மூன்றாம் அந்தியோக்கஸும் அவ்வயதினனே. பட்டமெய்தி இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. அவன் எகிப்தியரிடமிருந்து லெபனான் பள்ளத்தாக்கைக் கைப்பற்ற முயன்று தடைப்பட்டு நின்றான். அவ்வேளையில், கிழக்கே மீடியாவின் ஆளுநன் மோலோன் கலகக் கொடி உயர்த்தினான். அவனை அடக்கச் சென்ற படை, முதலிற் பெற்ற சிறு வெற்றியால் மதிமயங்கிக் குடித்து உறங்கியபோது, பாசறையிலேயே வெட்டுண்டது. ஆளுவோன் இளையவன் என்று கண்ட இடமெல்லாம் பகைவர் துணிந்தனர்.

உரோமில் மட்டும் இத்தகைய மாற்றம் எதுவும் நிகழவில்லை. அங்கே அரியணை இல்லை. ஆகவே வெறிதாவதற்கும் இடமில்லை. அவ்வாண்டின் கொன்சல்களாகிய பப்ளியஸ் கொர்னீலியஸ் சிப்பியோ அசினாவும் மார்க்கஸ் மினூசியஸ் ரூபஸும் இஸ்திரியரோடு சிறு போரொன்றை நடத்தினர். ஆண்டு முடிந்ததும் பதவியிலிருந்து நீங்கினர். அவர்களுக்குப் பின்னாலிருந்த வலிமையோ பெரிது. கி. மு. 225இல் உரோமரும் அவர்தம் கூட்டாளிகளும் படைக்கு அழைக்கத்தக்கோர் 7,00,000க்கு மேற்பட்ட காலாட்களும் 70,000 குதிரை வீரரும் என்று பொலிபியஸ் கணக்கிடுகின்றார்.

இவ்வேறுபாட்டின் பயன் விரைவில் வெளிப்பட்டது. ஹனிபால் கி. மு. 218இல் அல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியுட் புகுந்தான். 216இல் கன்னே என்னுமிடத்தில் உரோமரின் பெரும்படையை அழித்தான். அவ்வாண்டுக் கொன்சல்களில் ஒருவர் அக்களத்தில் மாண்டார். 221இன் கொன்சலாகிய மினூசியஸ் ரூபஸும் அங்கேயே உயிர்நீத்தார். தனியொருவன் உயிரில் நிற்கும் அரசாயின் அன்றே சாய்ந்திருக்கும். உரோமரோ அடுத்த ஆண்டுக்கும் இரு கொன்சல்களைத் தெரிந்தெடுத்தனர். புதிய படைகளைத் திரட்டினர். ஹனிபாலுடன் கி. மு. 215இல் உடன்படிக்கை செய்த பிலிப்பும், பின்னர் அவனுக்குப் புகலிடம் கொடுத்த அந்தியோக்கஸும் ஒருவர் பின் ஒருவராக அவ்வலிமையை எதிர்த்து நிற்க மாட்டாராயினர். கி. மு. 202இல் சாமாவில் ஹனிபாலும், 197இல் கைனோஸ்கெபாலேயிற் பிலிப்பும் தோற்றனர். சில ஆண்டுகளில் மக்னீசியாவில் அந்தியோக்கஸின் படையும் சிதறியது. 221இல் எழுந்த இளஞ்சிங்கங்கள் மூன்றும், அவ்வாண்டில் எவரும் பெரிதாகப் பேசாத நகரொன்றின் முன் தலைசாய்ந்தன.

கீழ்த்திசையின் முடிவு இன்னும் விரைவானது. முதற் பேரரசன் கி. மு. 210இல் நாட்டைச் சுற்றிப் பயணஞ் செய்கையில் இறந்தான். அடுத்த ஆண்டே குடியானவர் கலகம் மூண்டது. 206இல் அவன் குலத்தின் ஆட்சி முற்றும் அழிந்தது. பதினாயிரம் தலைமுறைக்கென எண்ணிய அரசு 15 ஆண்டுகளே வாழ்ந்தது. எனினும், அவன் அமைத்த ஒழுங்கு அவனோடு மாயவில்லை. அடுத்து வந்த ஹான் குலத்தார், சின்னின் கொடுமையைப் பழித்துக்கொண்டே, அதன் மாவட்டங்களையும் நிறை அளவைகளையும் பெரும்பாலும் ஏற்றனர். அவன் புனைந்த பட்டமோ, கி. பி. 1912இல் கடைசிப் பேரரசன் முடிதுறக்கும் வரை, 2,100 ஆண்டுகளுக்கு மேலாக வழங்கியது.

இவ்வாண்டைக் குறுக்கே படிக்கும் முறையும் புதியதன்று. பிணையாளராக உரோமுக்குக் கொண்டு செல்லப்பட்ட கிரேக்கராகிய பொலிபியஸ், அக்காலத்திலேதான் எங்கும் புதிய மன்னர் தோன்றினர் என்றும், அதன் பின்னரே இத்தாலி, ஆபிரிக்கா, கிரேக்கம், ஆசியா ஆகியவற்றின் நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று பின்னின என்றும் கண்டார். தம் வரலாற்றின் முதன்மைப் பகுதியை அவ்விடத்தில் தொடங்கினார். சில பத்தாண்டுகளுக்குப் பின், சீன அரசவையின் வரலாற்றெழுத்தராகிய ஸுமா சியென், அரசுகளின் ஆண்டுகளை அருகருகே நிரைப்படுத்தி அட்டவணை வகுத்தார். பல அரசுகள் ஓடிய அந்நிரைகள் 221க்குப் பின் ஒன்றாயின. ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரும், உலகை ஒன்றாகக் காண முயன்றனர். எனினும் ஒருவர் கண்ட உலகில் மற்றவரின் நாட்டுக்கு இடமிருக்கவில்லை. இரு பாதிகளையும் ஒரே ஏட்டில் சேர்த்து வாசிக்கும் வாய்ப்பு பிற்காலத்தவர்க்கே கிடைத்தது.

முதற் பேரரசன் வார்ப்பித்த 12 பெருஞ்சிலைகளும் அழிந்தொழிந்தன. அதே ஆண்டில் அவன் ஆணை பொறித்துச் சந்தைக்கு அனுப்பிய சிறு எடைக்கற்களோ எஞ்சியிருக்கின்றன. அரசனின் பெருமைக்காகச் செய்யப்பட்டது மறைந்தது. குடிமக்களின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்பட்டது நிலைத்தது. கி. மு. 221 தன் மன்னர் அனைவரையும் நிறுத்துப் பார்த்த தராசும் அதுவேயாகும்.