ஆவுளியாவின் முதுகில் எந்தத் தழும்பு உண்மை? பாக் விரிகுடாக் கைப்பேசிக் காணொளிகளும் தெளிவு உயர்த்தலின் எல்லையும்

தொண்டிக் கரையிலும் அதற்கு வடக்கே மணமேல்குடி, அதிராம்பட்டினம் பக்கமும் செவுள் வலையில் எப்போதாவது ஆவுளியா எனப்படும் கடற்பசு சிக்குகிறது. மீனவர்கள் வலையை அறுத்து அதைக் கடலுக்குள் விடுகிறார்கள். படகில் இருக்கும் ஒருவர் கைப்பேசியில் காணொளி எடுக்கிறார். உயிரோடு விடுவித்தவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருவதால், அந்தக் காணொளியே விடுவித்ததற்கான சான்றாகிறது. அலையில் படகு ஆடும், பாதிக் காட்சி நுரையாக இருக்கும். வாட்ஸ்அப்பில் பல கை மாறி ஆய்வாளரிடம் வந்து சேரும்போது அது மங்கலான சிறு படமாகச் சுருங்கியிருக்கும். ஆனாலும் இந்தியக் கடலில் சில நூறுகளுக்குள் மட்டுமே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படும் ஓர் உயிரினத்தை இவ்வளவு அருகிலிருந்து காட்டும் பதிவுகள் மிக அரிது. அவற்றிலிருந்து கூடுதல் விவரம் பெற விரும்புவது நியாயமான ஆசை.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் சுமார் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த தொண்டி அதற்குத் தெற்கே இருக்கிறது. கடற்புல் படுகைகளோ பாதுகாப்பகத்தின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. எனவே பாதுகாப்பகத்துக்குள் ஒரு மாதம் சிக்கிய விலங்கும், பின்னொரு நாள் தொண்டி அருகே சிக்கியதும் ஒன்றுதானா என்ற கேள்வி முக்கியமானது. விடை முதுகில் இருக்கலாம். வளர்ந்த ஆண் ஆவுளியாவின் தந்தங்கள் மற்ற விலங்குகளின் முதுகில் இணைகோடுகளாகத் தழும்புகளை விட்டுச் செல்கின்றன. தனி விலங்கை அடையாளம் காண உதவும் குறிகளில் அவை முதன்மையானவை. மங்கிய காணொளியைத் தெளிவாக்கும் மென்பொருள்கள் இந்தக் கேள்விக்குப் பயன்படுமா?

இப்படித் தெளிவு உயர்த்தப்பட்ட படத்தில் தோன்றும் விவரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும், எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு அல்ல. இதுவே இக்கட்டுரையின் வாதம். அந்த விவரம் அதே காணொளியின் பிற பிரேம்களிலிருந்து வந்திருக்கலாம், அல்லது வேறு ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய செயற்கை நுண்ணறிவு மாதிரியின் நினைவிலிருந்து வந்திருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆய்வுக்கு அவை ஒன்றல்ல.

ஒரு கணக்கு. 640×360 அளவுள்ள காணொளியை நீளத்திலும் அகலத்திலும் நான்கு மடங்கு உயர்த்தினால் 2560×1440 கிடைக்கும். பிக்சல்களின் எண்ணிக்கை 2,30,400-இலிருந்து 36,86,400 ஆகிறது. ஒவ்வொரு பதினாறில் பதினைந்தும் அளக்கப்படாதவை. இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஓர் ஆவுளியா அந்தச் சிறிய படத்தில் 200 பிக்சல் நீளத்துக்குத் தெரிகிறது என்று கொள்வோம். ஒரு பிக்சல் ஒன்றேகால் சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் அகலத் தழும்புக்கு ஒரு முழுப் பிக்சல்கூட இல்லை.

இங்கே காணொளிக்கு ஒரு வாய்ப்பு உண்டு, நிழற்படத்துக்கு அது இல்லை. படகு ஆடுவதால் ஒவ்வொரு பிரேமிலும் விலங்கு பிக்சலின் ஒரு பின்னம் அளவுக்கு நகர்ந்து பதிவாகிறது. அந்த நகர்வுகளைத் துல்லியமாகக் கணித்துப் பிரேம்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால், தனிப் பிரேம் எதிலும் இல்லாத விவரத்தை மீட்க முடியும். ட்சாய், ஹுவாங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1984-இலேயே இதைக் காட்டினார்கள். இன்றைய காணொளி உயர்த்தும் மாதிரிகளும் பக்கத்துப் பிரேம்களை இப்படிப் பொருத்திப் பயன்படுத்துகின்றன. இந்த வழியில் வரும் விவரம் கடலிலிருந்து வந்தது. அதை ஏற்கலாம்.

ஆனால் நம் காணொளிகளில் இந்த வாய்ப்பு பெருமளவு வீணாகிவிடுகிறது. காரணம் சுருக்கும் முறை. பரவலாகப் புழங்கும் எச்.264 முறை ஒவ்வொரு பிரேமையும் 16×16 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. மேற்சொன்ன கணக்கில் ஒரு கட்டம் 20 சென்டிமீட்டர். முந்தைய பிரேமிலிருந்து பெரிதாக மாறாத கட்டத்தை அது புதிதாக எழுதுவதே இல்லை, பழையதை எடுத்து வைத்துவிடுகிறது. நகர்ந்த கட்டத்துக்கும் நகர்வின் அளவையும் எஞ்சும் வித்தியாசத்தையும் மட்டுமே குறிக்கிறது. கோப்பு மேலும் சுருங்கச் சுருங்க அந்த வித்தியாசமும் கைவிடப்படுகிறது. ஆக, விநாடிக்கு முப்பது பிரேம் இருந்தாலும் முப்பது தனித்தனிப் பதிவுகள் இல்லை, பெரும்பாலும் ஒரே பதிவின் நகல்கள்தான். நகல்களை எத்தனை அடுக்கினாலும் புதிய செய்தி பிறக்காது. இதோடு அலை புரளும் நீரின் ஒளிவிலகல் விலங்கின் உருவத்தை இடத்துக்கு இடம் வேறுவேறாக வளைக்கிறது. நீருக்கு மேலே முதுகு எழும் அந்தச் சில பிரேம்களைத்தான் நம்பிப் பொருத்த முடியும்.

செய்தி இல்லாத இடத்தில்தான் மாதிரியின் நினைவு உள்ளே வருகிறது. 2014-இல் வந்த எஸ்ஆர்சிஎன்என் மாதிரி தொடங்கி நரம்பியல் வலைகள் இந்தத் துறையை மாற்றின. அதற்குப்பின் வந்த எஸ்ஆர்கான் வகை மாதிரிகள் பார்ப்பவர் நம்பும் அமைப்பை உருவாக்கப் பழக்கப்பட்டவை. ப்லாவ், மிகேலி இருவரும் 2018-இல் ஓர் அடிப்படை முரணை நிறுவினார்கள்: ஓர் எல்லைக்குமேல், படம் இயல்பாகத் தோன்றுவதும் மூலத்துக்கு நெருக்கமாக இருப்பதும் ஒன்றுக்கொன்று விலை கொடுத்தே கிடைக்கும். 2020-இல் பல்ஸ் என்ற மாதிரி பராக் ஒபாமாவின் மங்கலாக்கப்பட்ட முகத்தை ஒரு வெள்ளையரின் முகமாக மாற்றித் தந்தது. ஆவுளியாவின் தோலிலும் இதுவே நடக்கும். சூரிய ஒளியின் பளபளப்பையோ கட்டத்தின் விளிம்பையோ மாதிரி ஒரு கோடாகக் கூர்மையாக்கினால், அது தழும்பாகிறது. மெய்யான தழும்பு மழுமழுப்பான தோலாக மறைவதும் நடக்கலாம். உயர்த்திய படத்தைத் திரும்பச் சிறிதாக்கி மூலத்தோடு ஒப்பிடுவது தேவையான சோதனைதான், ஆனால் போதாது. தழும்புள்ள முதுகும் தழும்பில்லாத முதுகும் ஒரே சிறிய படமாகவே சுருங்கக்கூடும்.

எல்லாக் கேமராவும் புனைகிறதே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி வலுவானது. கைப்பேசியின் உணரியில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டும் அண்டைப் புள்ளிகளிலிருந்து கணிக்கப்படுபவை. என் பதில் இது: அந்தக் கணிப்பு அதே காட்சியின் அண்டையை விட்டு வெளியே போவதில்லை. பிழை நேர்ந்தாலும் எங்கே, எவ்வளவு நேரும் என்பதற்கு வரம்பு உண்டு. பாக் விரிகுடாவின் கலங்கல் நீரைப் பார்த்தே இராத ஒரு மாதிரி வேறெங்கோ பழகிய தோலைக் கொண்டுவந்து ஒட்டும்போது அப்படி வரம்பு எதுவும் இல்லை.

திரைப்படத்துக்கு இந்தக் கண்டிப்பு வேண்டியதில்லை. 1964-இன் ‘கர்ணன்’ 2012-இல் எண்முறையில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது பார்வையாளர் தேடியது ஒரு கலை அனுபவத்தை. கரையோரப் பள்ளிகளில் ஆவுளியாவைக் காட்டும் விழிப்புணர்வுக் காணொளிக்கும் உயர்த்திய படம் பொருந்தும், உயர்த்தியது என்று எழுதிக் காட்டினால் போதும். நீதிமன்ற வழக்கில் நிலை வேறு. ஆவுளியா 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டம் மின்னணுப் பதிவுக்கு, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் ஹாஷ் மதிப்புடன் கூடிய சான்றிதழைக் கேட்கிறது. உயர்த்திய கோப்பின் ஹாஷ் மூலத்தின் ஹாஷாக இருக்காது. அதே 2024-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிங் கவுண்டி நீதிமன்றம், செயற்கை நுண்ணறிவால் மேம்படுத்தப்பட்ட கைப்பேசிக் காணொளியைச் சான்றாக ஏற்க மறுத்துவிட்டது.

ஆகவே செலவும் உழைப்பும் முதலில் போக வேண்டியது மென்பொருளுக்கு அல்ல, மூலக் கோப்பைக் காப்பதற்கு. வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினாலே கூடுதல் சுருக்கம் நேராது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. இத்தகைய மூலக் கோப்புகளைத் தேதியோடும் இடத்தோடும் சேர்த்துவைக்க அதைவிட அருகான இடம் இல்லை. பல பிரேம்களைப் பொருத்தி எடுத்த படத்தையும் மாதிரி புனைந்த படத்தையும் அங்கே தனித்தனியே வைக்க வேண்டும். தழும்பைக் கொண்டு அடையாளம் காண்பதற்கு முந்தையதை மட்டுமே அனுமதிக்க வேண்டும்.

நல்ல காட்சிக்காக மீனவரிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. ஆவுளியா சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிட்டாக வேண்டும். வலையில் அழுந்திக் கிடக்கும் விலங்கைப் படத்துக்காக ஒரு விநாடிகூட வைத்திருக்கச் சொல்ல ஆய்வுக்கு உரிமை இல்லை. வலையை அறுத்தபின் அது தானாக முதுகு காட்டி நீந்திப் போகும் சில பிரேம்களே நமக்குரியவை. தழும்பு அவற்றில் பதியவில்லை என்றால், ஏட்டில் அந்த விலங்கை அடையாளம் தெரியாதது என்றே எழுத வேண்டும்.