விவிலிய நாடுகளும் நம் சோழமண்டலக் கரையும்: பழைய செப்புத்தகட்டு வரைபடங்கள்

நம் வீட்டு விவிலியத்தின் கடைசிப் பக்கங்களில் சில வரைபடங்கள் இருக்கும். திருப்பலியில் திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து வாசகம் கேட்டபின், அந்தியோக்கியா எங்கே, பிலிப்பி எங்கே என்று அந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்ப்பவர்கள் நம்மில் சிலரே. அவற்றிற்குப் பின்னால் நானூறு ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு இருக்கிறது. அதில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆன்ட்வெர்ப் நகரைச் சேர்ந்த ஆபிரகாம் ஓர்ட்டேலியுஸ் 1570-ஆம் ஆண்டு உலக நாடுகளின் வரைபடங்களை ஒரே நூலாக அச்சிட்டார். முதல் நவீன அட்லஸ் என்று அதையே சொல்கிறார்கள். பழங்கால உலகத்திற்கென்று 'பாரெர்கோன்' என்னும் தனிப் பகுதியை 1579-இல் தொடங்கினார். அதில் முதலில் வந்த மூன்று படங்களுள் ஒன்று புனித பவுலின் பயணங்களைக் காட்டுவது. பிறகு குலமுதுவர் ஆபிரகாம் நடந்த வழியும், அவர் வாழ்க்கை நிகழ்ச்சிகளைச் சுற்றிலும் சிறு வட்டச் சித்திரங்களாக வைத்து, தனிப் படமாக வந்தது.

செம்புத் தகட்டில் கூரிய உளியால் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். மை தடவி மேற்பரப்பைத் துடைத்தால் பள்ளமான கோடுகளில் மட்டும் மை தங்கும். அதன்மேல் ஈரத் தாளை வைத்து உருளையில் அழுத்துவார்கள். தகட்டின் விளிம்பு தாளில் பதிந்த தடம் விரலால் தடவினால் இன்றும் தெரியும். பழைய தாளா, பிற்காலப் படியா என்று பார்ப்பவர்கள் முதலில் தேடுவது இந்தத் தடத்தைத்தான். வண்ணம் கையால் தீட்டியது. ஆகவே ஒரு பிரதியைப் போல மற்றொன்று இராது. (வருத்தம் என்னவென்றால், சட்டம் போட்டு மாட்டுவதற்காக இந்நூல்களைப் பிரித்துத் தாள் தாளாக விற்கிறார்கள்.)

இவற்றுக்கு முன்பே, இரண்டாம் நூற்றாண்டு அறிஞர் தாலமியின் புவியியல் நூல் 1477-இல் பொலோஞ்ஞாவில் செப்புத்தகட்டுப் படங்களோடு அச்சானது. தாலமி காவிரியையும், பாண்டியரின் மதுரையையும், கரையோரத் துறைமுகங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ஆனால் அவர் கணக்குப்படி வரைந்த படத்தில் இந்தியத் தீபகற்பமே ஏறக்குறைய மறைந்துபோகிறது. இலங்கையோ மிகப் பெரிதாக நிற்கிறது! பெயர்கள் சரி, வடிவம்தான் தவறு. இதைத் திருத்த யாராவது இந்த மண்ணில் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

நடந்தவர்கள் இயேசு சபைக் குருக்கள். ஆவூர் பங்கின் வரலாற்றில் நாம் கேள்விப்படும் தந்தை புஷே (1655-1732) பின்னர் கர்நாடக மறைபரப்புப் பணியில் ஈடுபட்டவர். தென்னிந்தியாவுக்கு ஒரு வரைபடமும் தந்தார். பாரிஸ் நகரின் தான்வில் (1697-1782) என்னும் வரைபட அறிஞர் அதைப் பயன்படுத்தினார். இவர் பாரிசை விட்டு அதிகம் வெளியே சென்றதில்லை. ஆயினும் 1747-இல் பழைய எருசலேமின் பரப்பைப் பற்றி ஆய்வு எழுதினார். 1752-இல் இந்திய வரைபடத்தையும், அதன் ஆதாரங்களை விளக்கி 1753-இல் ஒரு நூலையும் வெளியிட்டார்.

அவரிடம் நமக்குப் பிடித்தது இதுதான்: தெரியாத இடத்தை அவர் வெற்றிடமாகவே விட்டார். அவருக்கு முன் இருந்த பலர் அவ்விடங்களில் கற்பனை மலைகளையும் விலங்குகளையும் வரைந்து நிரப்பினார்கள். விவிலிய இடங்களைப் பற்றிப் பேசும்போது நமக்கும் அந்த ஆசை வருவதுண்டு. பவுலடியார் சென்ற வழி என்று ஒரு கோடு அச்சாகிவிட்டால், அது முழுவதும் விவிலியம் சொல்வது என்று எண்ணிவிடுகிறோம். திருத்தூதர் பணிகள் பல இடங்களில் ஊர்ப் பெயர்களை மட்டுமே சொல்கிறது; இடைப்பட்ட கோடு வரைந்தவருடையது.

தான்வில் சேர்த்த ஆயிரக்கணக்கான வரைபடங்கள் இன்று பிரான்சு தேசிய நூலகத்தில் உள்ளன. அந்நூலகத்தின் இணையதளத்தில் பழைய வரைபடங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். திட்டக்குடியில் வெள்ளாற்றங்கரையில் இருக்கும் நமக்கும், வீரமாமுனிவரின் கோணான்குப்பத்திற்குத் திருப்பயணம் போகும் அன்பர்களுக்கும் ஒரு யோசனை. சோழமண்டலக் கரையில் 'போர்த்தோ நோவோ' என்ற பெயரைத் தேடுங்கள். அது நம் பறங்கிப்பேட்டை, வெள்ளாறு கடலில் சேரும் இடம். அங்கிருந்து விரலை மெல்ல மேற்கே நகர்த்தி, நம் ஊர்ப்பக்கம் என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு வெறுமையாக விட்டிருக்கிறது என்று பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள்.