ஒரே மெழுகு, இரண்டு குளிர்: பயாத்லானில் பலகையும் தோட்டாவும்

பயாத்லானைப் பற்றி எழுதுகிறவர்கள் பனிச்சறுக்கையும் துப்பாக்கி சுடுதலையும் எதிரெதிராக நிறுத்துவது வழக்கம். ஒன்று நெஞ்சு வெடிக்க விரையச் சொல்கிறது. மற்றொன்று மூச்சை நிறுத்தி அசையாதிருக்கச் சொல்கிறது. வீரரின் உடலைப் பொறுத்தவரை அது சரி. அவருடைய கருவிகளை உறைகுளிருக்கு எப்படித் தயார் செய்கிறார்கள் என்று பார்த்தால், எதிர்பாராத ஓர் உறவு தென்படுகிறது. சறுக்குப் பலகையின் அடிப்பரப்பில் இருப்பது மெழுகு. .22 தோட்டாவின் ஈயக்குண்டைப் போர்த்தியிருப்பதும் மெழுகு.

இந்த உறவுக்கு வயது அதிகமில்லை. 1960இல் ஸ்குவா வேலி ஒலிம்பிக்கில் பயாத்லான் அறிமுகமானபோது, வீரர்கள் ராணுவத் துப்பாக்கிகளை ஒத்த பெரிய தோட்டாக்களைச் சுட்டார்கள். உலோக உறையிட்ட அந்தக் குண்டுகளுக்கு மேற்பூச்சு தேவைப்படவில்லை. 1978இல் விளையாட்டு .22க்கு மாறியது, இலக்கின் தூரமும் 50 மீட்டராகச் சுருங்கியது. அதன் பிறகே காலடியில் ஒரு மெழுகும் குழலுக்குள் ஒரு மெழுகுமாகப் போட்டியாளர்கள் புறப்பட்டார்கள்.

குளிர் இறங்கும்போது இந்த இரண்டு மெழுகுகளிடமும் கேட்கப்படுவது நேர்மாறானது. மைனஸ் பதினைந்து டிகிரியில் பனித்துகள்கள் கூர்மையாகவும் கடினமாகவும் இருக்கும். மென்மையான மெழுகு பூசினால் துகள்கள் அதில் குத்தி நின்று பலகையைப் பிடித்து இழுக்கும். உராய்வில் பனி உருகித் தரும் நீர்ப்படலமும் அந்தக் குளிரில் மிகக் குறைவு. எனவே பலகைக்குக் கடின மெழுகு. தோட்டாவின் சிக்கலோ குளிரில் மெழுகு இறுகிவிடுவதுதான். இறுகிய மெழுகு குழலுக்குள் சீராகப் படராது. குண்டுகள் சிதறி விழும். எனவே தோட்டாவுக்கு, குளிரிலும் இளகிய தன்மையை இழக்காத மெழுகு. ஃபின்லாந்தின் லாபுவா நிறுவனம் ‘போலார் பயாத்லான்’ என்று தனித் தோட்டாவே தயாரிப்பது இத்தகைய தேவைக்காகத்தான். ஒரே வானிலை, ஒரே வகைப் பொருள், எதிரெதிர் விடைகள்: இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

விடைகள் மாறினாலும் அவற்றைத் தேடும் வழி வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோலவே இருக்கிறது. இரண்டிலும் கணக்குப் போட்டு மட்டும் கண்டுபிடிக்க முடிவதில்லை. சோதித்துத்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு சோடிப் பலகைகள் ஒரே பனியில் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் தொழில்நுட்பக் குழுவினர் ஒரே சரிவில் சோடிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, தோற்றவற்றை விலக்கிக்கொண்டே போகிறார்கள். ஒரே பெட்டிப் பெயர் கொண்ட தோட்டாக்களும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். ஒரு தொகுதி ஒரு குழலுக்குப் பிடிக்கும், அடுத்த குழலுக்குப் பிடிக்காது. அதனால் துப்பாக்கியை இறுக்கிப் பொருத்தி, தொகுதி தொகுதியாகச் சுட்டு, குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று அளக்கிறார்கள். அறை வெப்பத்தில் வென்ற தொகுதி குளிரில் தோற்கக்கூடும் என்பதால் உறைநிலையிலும் இந்தத் தேர்வு நடக்கிறது.

போட்டி நாளிலும் இரண்டுக்கும் ஒரே சடங்கு. பலகையையும் துப்பாக்கியையும் முன்கூட்டியே வெளியே வைத்துக் குளிருக்குப் பழக்கியாக வேண்டும். கதகதப்பான அறையிலிருந்து வந்த பலகையில் பனி உருகி ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்தபின்தான் கடைசித் துலக்கல். துப்பாக்கியில் ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. குளிர்ந்த துப்பாக்கியை அறைக்குள் கொண்டுபோனால் ஈரம் படியும், திரும்ப வெளியே வந்தால் அந்த ஈரமே பனிக்கட்டியாகிச் சுடும் ஊசியைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண எண்ணெயும் குளிரில் தடித்துப்போகும். சாதாரண எண்ணெயும் குளிரில் தடித்துப்போகும். வீரர் சறுக்கிக்கொண்டிருக்கும் நிமிடங்களில் குழல் ஆறுகிறது. உள்ளே முந்தைய குண்டுகள் விட்டுச்சென்ற மெழுகும் அதோடு இறுகுகிறது. ஆக, அடுத்த சுற்றின் முதல் குண்டு, புதிய பனியில் இறங்கும் பலகையைப் போல, தனக்குப் பழக்கமில்லாத பரப்பைச் சந்திக்கிறது.

தவறின் விலையும் ஒப்பிடத்தக்கதே. 10 கிலோமீட்டர் ஸ்பிரின்ட்டில் ஓர் இலக்கைத் தவறவிட்டால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. முன்னணி வீரருக்கு இருபது விநாடிக்குச் சற்று மேல் பிடிக்கும். பொருந்தாத மெழுகால் கிலோமீட்டருக்கு 2 விநாடி இழந்தாலும் மொத்தம் 20 விநாடி. முதலாவதை அரங்கமே பார்க்கிறது. இரண்டாவது வழிநெடுகக் கசிந்துபோகிறது, பார்வையாளர் கண்ணுக்கு அகப்படுவதில்லை.

ஒப்புமை முறியும் இடங்களும் உண்டு. பலகை பலரின் வேலை; பெரிய அணிகளுக்கு மெழுகுப் பணிக்கென்றே தனி லாரி இருக்கிறது. துப்பாக்கியைத் தயார் செய்வதில் பெரும்பங்கு வீரருடையது. போட்டிக்குமுன் குறியைச் சரிசெய்யும்போது தொலைநோக்கியில் பயிற்சியாளரின் கண் துணைக்கு வரும், அவ்வளவுதான். 2023-24 பருவம் முதல் ஃபுளோரின் கலந்த மெழுகுகள் தடைசெய்யப்பட்டது பலகையின் உலகத்தைப் புரட்டிப்போட்டது. ஈரப்பனியில்தான் ஃபுளோரினின் பலன் அதிகம் என்பதால், கடுங்குளிர் நாள்களில் தடையின் பாதிப்பு குறைவு. தோட்டா உலகத்தில் அப்படியொரு புரட்டல் இல்லை. விளக்கொளியில் நடக்கும் மாலைப் போட்டியில் வெப்பம் இறங்கிக்கொண்டே போனால், கட்டிய பலகையின் மெழுகை மாற்ற வழியில்லை. துப்பாக்கியின் பார்வைக்குறியைக் காற்றுக்கேற்ப இரண்டு சொடுக்கு திருப்பலாம். ஆனால் அதற்கும், குறைந்தது 500 கிராம் அழுத்தம் கேட்கும் சுடும் விசையை உணர்ந்து இழுப்பதற்கும், விறைக்காத விரல் வேண்டும். இங்கே மெழுகு உதவாது, நல்ல கையுறைதான் உதவும்.

தோல்விக்குப் பிந்தைய விசாரணையில்தான் வேறுபாடு மிகப் பெரிதாகத் தெரிகிறது. மெதுவாக ஓடிய பலகையை அன்று மாலையே மறுபடி சரிவில் விட்டு, தவறு மெழுகினுடையதா என்று பார்க்கலாம். இலக்கைத் தவறிய குண்டோ நசுங்கி உருக்குலைந்து கிடக்கிறது. அதே தொகுதியின் மீதித் தோட்டாக்கள் நன்றாகவே குவிந்து விழலாம். இறுகிய மெழுகா, விறைத்த விரலா என்று தீர்ப்பதற்குச் சான்று இல்லாததால், அந்தத் தவறு வீரரின் பெயரிலேயே பதிவாகிறது.